கண்ணாடியில் வைக்காத ஒப்பம்

சதீசன் எனக்குத் தரவேண்டியிருந்தது பதின்மூன்று இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து எண்ணூற்று இருபது ரூபா. தொகையை முழுதாக எழுதிவைப்பது நல்லது, நீதவான் ஐயா. "பதின்மூன்றே முக்காலுக்குக் கிட்ட" என்று வாயால் சொன்னால் நாளைக்கு அது பன்னிரண்டாகிவிடும், அடுத்த நாள் பத்தாகிவிடும். கடைசியில் வருகிற எண்ணூற்று இருபதைப் பார்த்துப் பொலிசில் சிரித்தார்கள். அது எப்படி வந்தது என்பதை அதற்குரிய இடத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் பாலசுந்தரம். வயது ஐம்பத்தொன்பது. கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட இருக்கிறேன். வட்டையில் வேலை இருக்கும் மாதங்களில் வயல் கூலி. மற்ற மாதங்களில் மேசன்மாரோடு போய்க் கிடங்கு வெட்டுவேன், சாந்து குழைப்பேன், கல் சுமப்பேன். எழுத்துப் படித்தது ஐம்பத்தொரு வயதில். ஆகையால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெதுவாகத்தான் எழுதுவேன். இங்கே எனக்கு அவசரமும் இல்லை.

நான் கோபக்காரன் அல்ல. ஊரில் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள். என் மனைவி அன்னப்பூரணியின் இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருப்பதைக் காட்டியிருப்பார்கள். அது நடந்து எட்டு வருடம். மாதர் சங்கத்தில் அவள் கடன் எடுக்கப் போனாள், புருசன் பிணை நிற்க வேண்டும் என்றார்கள், நானும் போனேன். அவள் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். பேனையை வாங்கி ஒரே இழுப்பில் ஒப்பம் வைத்தாள். தாள் என் பக்கம் வந்ததும், எழுதிக்கொண்டிருந்த பெண்பிள்ளையிடம், "அவருக்குப் பேனை வேணாம்கா, மையக் குடுங்க" என்றாள். முப்பது பெண்கள் இருந்த இடம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் பதித்துவிட்டு வீட்டுக்கு நடந்துவந்தேன். உலக்கை வாசல் மூலையில் சாத்தியிருந்தது. ஒரே ஒரு அடி. அடித்த கையோடு நானே ஓட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கோபக்காரன் அப்படிச் செய்யமாட்டான்.

அடுத்த கிழமையே எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். படிப்பித்தவன் சதீசன்.

சதீசன் என் தங்கை கண்ணகையின் மகன். அவள் செத்தபோது அவனுக்குப் பதினொரு வயது. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் என் வீட்டில்தான் சாப்பிட்டான். அந்தச் சாப்பாட்டை நான் மேலே எழுதிய தொகையில் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பின்னேரம் நான் வேலையால் வந்து குளித்த பிறகு, சீமெந்துப் பையைக் கிழித்து விரித்துவைப்பான். என் கை மண்வெட்டிப் பிடிக்குப் பழகிய கை. பேனை அதற்குள் நிற்காது. அவன் பின்னால் குந்தியிருந்து, என் கைக்கு மேலே தன் கையை வைத்து, எழுத்தை இழுப்பான்.

"மாமா, இவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவல்ல. எழுத்து என்ன, எருமைக் கண்டா? கயித்த விட்டா ஓடிருமா?"

நானும் சிரிப்பேன். அவன் சொன்னால் எனக்குச் சிரிக்க முடிந்தது. என் பெயரில் ஏழு எழுத்து. அதைத் தனியாக எழுத நாலு மாதம் எடுத்தது. முதல் ஒப்பத்தை வங்கியில் வைத்தேன். அன்றைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் பண்ணினேன், இனிமேல் என் விரல் எந்த இடத்திலும் ஒப்பமாக விழாது என்று. சத்தியத்தைக் காப்பாற்றுகிறவன் நான். இந்த வழக்கில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். அதைக் குற்றம் என்று சொல்ல ஏலாது.

பிறகு சதீசன் ஆரையம்பதியில் கொம்யூனிகேசன் கடை போட்டான். போட்டோக் கொப்பி, ரீலோட், பரீட்சை விண்ணப்பம், பாஸ்போட்டுக்குப் பதிவது, எல்லாம் அங்கே. முறைக்கு அவன் என் மகள் தக்சிகாவைக் கட்டியிருக்க வேண்டும். கடைக்கு வேலைக்கு வந்த நிருஷாவைக் கட்டினான். அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலியாணத்துக்குப் போய் மொய்யும் எழுதினேன்.

தக்சிகாவுக்கு ஜதுர்சன் என்ற பையனைப் பேசினோம். அரசாங்க உத்தியோகம். எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும், வீடு பெண்ணுக்கு. கல்வீட்டை அவள் பெயரில் எழுதிவிட்டு, நானும் அன்னப்பூரணியும் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டு இறங்கிவிட்டோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பையனின் தாய் வெற்றிலையை மடித்துக்கொண்டு, "மகன் தினமும் வாவியத் தாண்டி வேலைக்குப் போறவர். ஒரு காரும் இரிந்தா நல்லம். ஆரும் ஓடிக் கழிச்சது வேணாம். புதுசு" என்றாள். மீதியைத் தன் சம்பளத்தில் லீசிங் கட்டுவதாகப் பையன் சொன்னான். முற்பணம் மட்டும் நாங்கள் போட்டால் போதும். நியாயமான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

கொழும்புக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்க எனக்கு வழி தெரியாது. சதீசன்தான் சொன்னான், இப்போது ஒன்லைனிலேயே புதுக் கார் பதியலாம், வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள், விலையும் இரண்டு இலட்சம் குறைவு என்று. நானும் தக்சிகாவும் மண்முனைப் பாலத்தைத் தாண்டி அவன் கடைக்குப் போனோம். தன்னுடைய பெரிய போனைக் காட்டினான். வெள்ளைக் கார்.

"விரலால தள்ளிப் பாருங்க மாமா. கார் சுத்தும்."

தக்சிகா தள்ளினாள். கார் சுற்றியது. முன்பக்கம், பின்பக்கம், கதவு, இருக்கை எல்லாம் வந்தது. நான் தொடவில்லை.

"மாமா பயப்பிடுறாரு, கார் மேல ஏறிருமெண்டு" என்றாள் நிருஷா. அவளுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். நான் அதையும் பெரிதாக எடுக்கவில்லை.

காரின் விலை ஐம்பத்தேழு இலட்சத்து நாற்பதாயிரம். அதில் காற்பங்கு முற்பணம், பதினான்கு இலட்சத்து முப்பத்தையாயிரம். அன்னப்பூரணியின் சீதன வயல் ஒரு ஏக்கரைப் பதின்மூன்று இலட்சத்துக்கு விற்றேன். இரண்டு மாடு விற்றதில் மிச்சம். காசை வங்கியில் கட்டி, பற்றுத் துண்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். சதீசன் அந்தக் காரின் படத்தைக் கலரில் அடித்து லெமினேட் பண்ணித் தந்தான். அதை வேலைக்குப் போகிற இடமெல்லாம் கொண்டுபோனேன். சாந்து குழைக்கிற பெடியன்மார் வாங்கிப் பார்ப்பார்கள். "அண்ணே, எங்களையும் ஒரு சுத்து ஏத்துவீங்களா?" என்பார்கள். ஏற்றுவேன் என்றேன்.

காசு கட்டி இரண்டாம் நாள் ஒப்பந்தம் வந்தது. அதுவும் போனில்தான். தமிழில் இருந்தது. சதீசன் வசனம் வசனமாக வாசித்துக் காட்டினான். ஏழு நாளைக்குள் வாங்குகிறவர் ஒப்பம் வைக்க வேண்டும், வைக்கத் தவறினால் பதிவு இல்லாமல் போகும், முற்பணம் திரும்பக் கிடைக்காது. அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தான். நான் தலையாட்டினேன். பிறகு போனை என் முன்னால் நீட்டினான். கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பெட்டி.

"இதுக்குள்ள உங்கட ஒப்பத்தக் கீறுங்க."

"பேனையத் தா."

"பேனை வேணாம் மாமா. விரலாலதான்."

நீதவான் ஐயா, நீங்கள் படித்தவர். உங்களுக்கு இது சின்ன விசயமாக இருக்கும். எனக்கு அந்த இடத்தில் முப்பது பெண்களின் சிரிப்புக் கேட்டது.

நான் மறுத்தேன். தாளில் எழுதி, பேனையால் ஒப்பம் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புவேன் என்றேன். அவர்கள் தாள் எடுக்கமாட்டார்கள் என்று அவன் சொன்னான். எடுப்பார்கள் என்று நான் சொன்னேன். ஒரு முழு நாள் இருந்து கடிதத்தை எழுதினேன். நல்ல கடிதம். கொழும்பு முகவரிக்கு அனுப்பினேன்.

ஆறாம் நாள் சதீசன் வெயிலுக்குள் மோட்டார் சைக்கிளில் எங்கள் வளவுக்கு வந்தான். முகமெல்லாம் வியர்வை.

"மாமா, நாளைக்கோட சரி. ஒரு கீறுதான். வாங்க, முந்தி மாதிரி நான் கையப் பிடிக்கிறன்."

என் வலது கையைப் பிடித்தான். அன்னப்பூரணியும் தக்சிகாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அண்டைக்கு விரல்ல மை. இண்டைக்கு மையும் இல்லாம விரல். அப்ப நான் என்னத்துக்கு எழுத்துப் படிச்ச நான்?"

"இது கைநாட்டு இல்ல மாமா. இதுவும் எழுத்துத்தான்."

"அப்ப நீயே எனக்காகக் கீறு."

"அது ஏலா. ஒருத்தர்ட ஒப்பத்த இன்னொருத்தர் வெச்சா அது களவு."

கவனியுங்கள், ஐயா. அவனுக்கு வழி தெரியும். அவன் விரலால் ஒரு கீறு போட்டிருந்தால் கார் வந்திருக்கும். அவன் போடவில்லை. யார் காரணம் என்று இதிலேயே தெரிகிறது.

ஒன்பதாம் நாள் பதிவு இல்லாமல் போனதாகப் போனில் செய்தி வந்தது. சதீசன் அவர்களோடு பல தடவை பேசினான், எழுதினான். ஒப்பந்தத்தில் உள்ளதுதான் என்று பதில் வந்தது. என் கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. பையன் வீட்டார் சித்திரை முடியும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, சாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தக்சிகா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அப்பா, காரும் போச்சு, அம்மாட வயலும் போச்சு. எல்லாம் உங்கட ஒரு விரலால" என்றாள். அவளைக் கன்னத்தில் இரண்டு தரம் அடித்தேன். பல் ஒன்று போனது. கடைவாய்ப் பல்தான், வெளியே தெரியாது.

அடுத்த நாள் சதீசனின் கடைக்குப் போனேன். நிருஷா கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவன் எனக்குக் கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தான். குடித்தேன். எந்த விரலால் அந்தப் பெட்டிக்குள் கீறுவது என்று கேட்டேன். சுட்டுவிரலைக் காட்டினான். அதைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தேன். கிடங்கு வெட்டுகிறவனின் கைக்கு ஒரு விரல் பெரிய வேலை இல்லை. ஈரக் கம்பு முறிகிற சத்தந்தான் வந்தது. அவன் கத்தவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு, "மாமா, மாமா" என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரியில் மோட்டார் சைக்கிளால் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் தானாகவே வந்து மாதம் இருபதாயிரம் தருவதாகச் சொன்னான். யாரும் கேட்கவில்லை. வைகாசி, ஆனி, ஆடி, மூன்று மாதம் தந்தான். அறுபதாயிரம். கடன்படாதவன் காசு தருவானா? அப்பா, அது இரக்கத்தில் தருவது என்று தக்சிகா சொன்னாள். இரக்கத்தில் தருகிறவன் ஒரே தொகையை ஒரே திகதியில் தரமாட்டான். மீதி பதின்மூன்று இலட்சத்து எழுபத்தையாயிரம்.

ஆவணியில் நிருஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த மாதம் காசு வரவில்லை. "மாமா, இந்த மாசம் ஏலாமப் போச்சு. மறுகா பார்ப்பம்" என்றான். எனக்கு விளங்கிவிட்டது. எழுத்தில் இல்லாத கடன் இப்படித்தான் கரையும்.

ஒரு தாள் எழுதினேன். சதீசனாகிய நான் என் மாமா பாலசுந்தரத்துக்கு இவ்வளவு ரூபா கடன்பட்டிருக்கிறேன், நான் இல்லாத காலத்தில் என் மனைவி அதைக் கட்ட வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவது தடவை எழுத்து வடிவாக வந்தது. பிறகு அவன் கடைக்குப் போய் ஒரு மைப்பெட்டி கேட்டேன், இரப்பர் முத்திரைக்கு வைக்கிற நீல மை. விலை நூற்றெண்பது என்று ஒட்டியிருந்தது. காசை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"மாமாட்டக் காசு வாங்கிறதா? கொண்டு போங்க. என்னத்துக்கு மாமா, கந்தோர் ஏதும் திறக்கப் போறீங்களா?"

விரலில் இன்னும் துணி சுற்றியிருந்தான். சிரித்தான். அந்த நூற்றெண்பதை நான் தொகையில் கழித்துவிட்டேன். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும். பொலிசில் சிரித்த எண்ணூற்று இருபது இப்படித்தான் வந்தது.

அந்தப் புரட்டாதியில் இராசதுரை மேசனோடு ஒரு புது வீட்டில் வேலை. மலசலகூடக் கிடங்கு என் பொறுப்பு. வாவிக்குக் கிட்டவான நிலம், எட்டடியில் நீர் ஊறும். பத்தடி வரை வெட்டியிருந்தேன். மத்தியானம் மேசனும் மற்றவர்களும் சாப்பிட வீடுகளுக்குப் போய்விடுவார்கள், இரண்டு மணிவரை ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். சதீசனுக்குப் போன் எடுத்தேன். "கணக்க முடிச்சிருவம் மகன். இனி இதப் பத்திக் கதைக்கிறல்ல" என்றேன். அவன் குரல் மாறிவிட்டது. உடனே வாறன் மாமா என்றான்.

பன்னிரண்டரைக்கு வந்தான். காத்தான்குடியில் வாங்கிய புரியாணிப் பார்சல் இரண்டு கொண்டுவந்தான். போனைத் திறந்து குழந்தையின் படத்தைக் காட்டினான். பெருவிரலை வைத்ததும் அந்தப் போன் திறந்தது. எனக்கு அது புதினமாக இருந்தது. இவ்வளவு படித்தவனும் கடைசியில் பெருவிரலைத்தான் வைக்கிறான்.

"கண்ணப் பாருங்க மாமா. எங்கட அம்மாட கண். கண்ணகை எண்டே வைப்பமா எண்டு நிருஷா கேக்கிறா."

வையுங்கள் என்றேன். பிறகு தாளைக் கொடுத்தேன். பேனையும் கொடுத்தேன். கணக்குத் தீர்ந்ததாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்த முகத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினான். வாசித்து முடித்துத் தாளை ஒருதரம் திருப்பிப் பார்த்தான்.

"எழுத்து நல்லா வந்திரிக்கு மாமா" என்றான். "ஆனா இதில நான் வைக்க ஏலா. இது உண்மையில்ல. ஏலுமான மட்டும் காசு தாறன், எப்பயும் தாறன். கடன் எண்டு எழுதாதீங்க. நாளைக்கு நிருஷாட தலையில விழும்."

"அப்ப ஆர்ர பிழை?"

"ஆர்ர பிழையெண்டு நான் கேட்டனா மாமா? அண்டைக்கு ஒரு கீறு கீறியிருந்தா கார் இப்ப வாசல்ல நிண்டிருக்கும். அது முடிஞ்ச கதை. விடுங்க."

விட்டேன். சரி மகன் என்று சொல்லித் தாளை வாங்கி மடித்தேன். சாப்பிட முதல் இந்தக் கிடங்கின் ஆழம் காணுமா என்று ஒருக்கால் பார், நீ கணக்குத் தெரிந்தவன் என்றேன். அவன் விளிம்பில் குனிந்தான். கிடங்கு தோண்டுகிற இரும்பு அலவாங்கு என் பக்கத்தில் மண்ணில் குத்தியிருந்தது.

முதல் அடி பிடரியில். அதுவே போதுமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவன் முழங்காலில் விழுந்து, கையை மண்ணில் ஊன்றி, என் பக்கம் திரும்பப் பார்த்தான். வாயிலிருந்து ஏதோ சொல் வந்தது. மாமா என்றுதான் இருக்கும். வேறு என்ன சொல்லப் போகிறான். இரண்டாவது காதுக்கு மேலே. எலும்பு உள்ளே இறங்கியது கையில் தெரிந்தது. கருங்கல்லுக்கு நடுவில் மெத்தை மண் வருகிறபோது அலவாங்கு அப்படித்தான் சட்டென்று இறங்கும். மூன்றாவது அடி தேவையில்லை. வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

பொலிசில் கேட்டார்கள், அவனுடைய ஒப்பத்தை நீயே போட்டிருக்கலாமே, அவன் கடைப் பற்றுச்சீட்டுகளில் அது கிடக்கிறதே என்று. போட்டிருக்கலாம். ஆனால் ஒருத்தனுடைய ஒப்பத்தை இன்னொருத்தன் வைத்தால் அது களவு. அவன் எனக்குச் சொல்லித் தந்தது. ஆகவே மைப்பெட்டியைத் திறந்து, அவனுடைய வலது பெருவிரலை என் இடுப்புச் சாரத்தின் நுனியால் துடைத்து, மையில் வைத்து, தாளில் அமத்தி எடுத்தேன். கை இன்னும் சூடாக இருந்தது. என் கைக்குமேல் கை வைத்து அவன் எழுத்து இழுத்த மாதிரி, நானும் அவன் கைக்குமேல் கை வைத்து, நிதானமாகச் செய்தேன். ரேகை தெளிவாக விழுந்தது. ஒப்பத்தை யாரும் கள்ளமாகப் போடலாம். ரேகையைப் போட ஏலாது. உலகத்தில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவனைக் கிடங்குக்குள் இறக்கினேன். போனையும் அவனோடு போட்டேன். வெட்டிக் குவித்திருந்த மண்ணிலேயே பாதியைத் தள்ளினேன். பசித்தது. ஒரு பார்சலைச் சாப்பிட்டேன். மற்றதை, மேசன் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பின்னேரம் பசிக்கும் என்று எடுத்துவைத்தேன். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய்க் கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள் வாவித் தண்ணீரில் விட்டேன்.

மேசன் வந்ததும், நீர் ஊறிக் கரை இடிந்துவிட்டது, வேறு இடத்தில் வெட்ட வேண்டும் என்றேன்.

"நாப்பது வருசமாக் கிடங்கு வெட்டுறாய், கரை இடியிறது தெரியாதா உனக்கு?" என்று ஏசிவிட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டினார். புரியாணியை வாங்கிச் சாப்பிட்டார். அந்த அரை நாள் சம்பளத்தை நான் சதீசனின் கணக்கில் சேர்க்கவில்லை. நாலடி தள்ளிப் புதுக் கிடங்கு வெட்டினேன். மூன்று நாள் எடுத்தது.

ஊரெல்லாம் அவனைத் தேடினார்கள். நானும் தேடினேன். ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தாளோடு நிருஷாவிடம் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. அவள் பின்னறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதும் தெரிஞ்சிதா மாமா?" என்று எழும்பினாள்.

இல்லை புள்ள என்று சொல்லி, தாளை நீட்டினேன். அவன் வரும் வரைக்கும் மாதம் இருபதாயிரம் தந்தால் போதும், வட்டி வேண்டாம் என்றேன். அவள் வாசித்தாள். பிறகு தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து அந்த நீல ரேகையைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"அவன்ட பெருவிரல். சந்தேகமெண்டா பொலிசில குடுத்துப் பாரு."

"ஒரு நாளைக்கு நூறு ஒப்பம் வைக்கிற மனிசன் என்னத்துக்கு மாமா கைநாட்டு வைச்சவர்?"

நான் அதை யோசிக்கவே இல்லை, ஐயா. ஐம்பத்தொரு வயது வரை என் முக்கியமான எல்லாத் தாளிலும் விரல்தான் இருந்தது. படித்தவன் விரல் வைக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் அது மனதில் வரவில்லை.

அவள் திகதியைப் பார்த்தாள். அவன் காணாமற்போன அன்றைய திகதி. பொய்த் திகதி போடுவது எனக்குப் பிடிக்காது.

"அவர்ட விரல முறிச்சதும் நீங்கதான?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு கதவுப் பக்கமாகப் பின்னுக்குப் போனாள். "எங்க மாமா அவர்? எங்க வைச்சிரிக்கீங்க?"

தாளைத் திருப்பித் தரச் சொன்னேன். அவள் தரவில்லை. தெருவில் இறங்கி ஓடினாள். நான் ஓடவில்லை. கதிரையில் இருந்தேன். உரிமைக் காசு கேட்டு வந்தவன் எதற்கு ஓட வேண்டும். பொலிஸ் வந்தபோதும் அப்படியேதான் இருந்தேன். கிடங்கைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். என் தங்கை மகன் சதீசனை அலவாங்கால் அடித்துக் கொன்றது நான்தான். இதை ஒருவரும் என்னை வற்புறுத்தி எழுதவைக்கவில்லை.

ஒரே ஒரு மனவருத்தம். பொலிசில் என் பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்தார்கள். எனக்கு எழுதத் தெரியும் என்று மூன்று தடவை சொன்னேன். அந்தப் பெடியன், "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாக உருட்டினான். மாமாங்கேஸ்வரருக்குச் செய்த சத்தியம் அதோடு போய்விட்டது. அதற்கும் காரணம் நான் இல்லை.

இங்கே இருந்து நிறைய யோசித்தேன். நிருஷா சின்னப் பெண். கையில் மூன்று மாதப் பிள்ளை. கடையும் பூட்டிக் கிடக்கிறது. அவளிடம் போய்க் காசு கேட்பது நியாயமில்லை என்று எனக்குப் படுகிறது. ஆகவே சதீசன் எனக்குத் தரவேண்டிய பதின்மூன்று இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாவையும் இன்றோடு தள்ளிவிடுகிறேன். அவளும் தரவேண்டாம், அந்தப் பிள்ளை வளர்ந்தும் தரவேண்டாம். சதீசன் என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்காமலே போய்விட்டான். அதையும் நான் மனதில் வைக்கவில்லை.

இப்படிக்கு,
க. பாலசுந்தரம்
பேனையால் வைத்த ஒப்பம்.